பக்கவாட்டுப் பட்டன்

என் போனின் வலது பக்கத்தில் ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் உள்ளேயிருந்து ஒரு பெண், "சொல்லுங்கள், நான் என்ன உதவி செய்யட்டும்?" என்று கேட்பாள். குரல்வளையை எடுத்துவிட்டு வந்தவளைப் பார்த்து "சொல்லுங்கள்" என்கிறாள். முதல் தடவை கேட்டபோது போனைச் சுவரில் விட்டெறியலாமா என்றுதான் வந்தது. அடங்கிக்கொண்டேன். அந்தப் பட்டன் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஏழு மாதத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி என்று குரல்வளையை மொத்தமாக எடுத்தார்கள். இப்போது மூச்சு, கழுத்தில் போட்ட ஓட்டை வழியாகப் போய் வருகிறது. சாப்பாட்டுக்கு வாய், மூச்சுக்குக் கழுத்து, பேச்சுக்கு ஒன்றுமில்லை. அதற்கு முன் பதினெட்டு வருடம் பேக்கரியில் காலை ஷிப்டுக்கு மேஸ்திரியாக இருந்தவள் நான். மாவு பிசையும் மெஷின், அடுப்பு, ட்ராலி எல்லாம் ஒன்றாக ஓடுகிற இரைச்சலில் பதினோரு பேரை ஒரே மூலையில் நின்று மேய்த்திருக்கிறேன். என் சத்தத்தில் திடுக்கிட்டு எதிர்வரிசைத் தையல்கடைக்காரர் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. கதைதான். ஆனால் நான் அதை மறுத்ததில்லை.

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பியதும் மேனேஜர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. நல்ல செய்தி சொல்கிறவர்கள் நின்றுகொண்டே சொல்வார்கள். பேக்கிங் பகுதியில் லேபிள் ஒட்டுகிற வேலை இருக்கிறது, அலட்டிக்கொள்ள வேண்டாம் என்றார். நான் தலையாட்டி மறுத்தேன். மெஷின் ஓடும்போது ஆட்களை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டுவிட்டு, அவரே மேஜையிலிருந்து ஒரு விசிலை எடுத்துக் கொடுத்தார். கழுத்தால் மூச்சு விடுகிறவளுக்கு வாயில் காற்று எங்கிருந்து வரும்? விசிலை வாயில் வைத்துக் கன்னத்தை உப்பிக் காட்டினேன். மனுஷருக்கு முகம் செத்துப்போனது. பாவம், தெரியாமல் செய்தது.

கடைசியில் இறங்கி வந்தார். "அடுத்த வாரம் விட்டு அதுக்கடுத்த திங்கட்கிழமை, ஒரு முழு ஷிப்ட் நடத்திக் காட்டுங்க. முடிஞ்சா உங்க இடம் உங்களுக்கு. முடியலைன்னா பேக்கிங். சம்பளத்துல கை வைக்க மாட்டேன்," என்றார்.

சம்பளம் இல்லை விஷயம். லேபிள் ஒட்டுவதும் கேவலமான வேலை இல்லை. ஆனால் அங்கே போய் உட்கார்ந்தால் நான் எல்லாருக்கும் நோயாளி. மாவு மேஜை பக்கத்தில் நின்றால் மேஸ்திரி. நோயாளியாக இருந்தது போதும் என்று இருந்தது எனக்கு.

போனில் ஒரு பேசுகிற ஆப் வைத்திருந்தேன். எழுத்தைத் தட்டினால் அது வாசிக்கும். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அது போதும். பேக்கரியில் கை இரண்டும் மாவு. மாவுக் கையைத் திரை மதிக்காது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கருவி ஒன்று உண்டு, கழுத்தில் வைத்துப் பிடித்தால் அதிர்ந்து ஒரு மாதிரி பேசும். அதற்கு ஒரு கை வேண்டும், அந்தச் சத்தம் மெஷின் பக்கத்தில் எடுபடவும் செய்யாது. போனை ஏப்ரன் மேல்பையில் வைத்து, துணியோடு சேர்த்து மணிக்கட்டால் அந்தப் பட்டனை ஒரு அமுக்கு அமுக்கினால் வார்த்தை வெளியே வர வேண்டும். அதுதான் வழி. ஆனால் பட்டனை உதவிக்காரிக்கு எழுதி வைத்துவிட்டது போன் கம்பெனி. மாற்ற இடமே கொடுக்கவில்லை.

என் கொழுந்தனார் போன் கடை வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் போய் நின்றேன். வேறு போன் பார்க்கலாம் என்று நாலு போனை எடுத்துப் போட்டார். பாட்டு வைத்துப் பார்த்தோம். என் போனின் சத்தத்துக்குப் பக்கத்தில் எதுவும் வரவில்லை. அப்படியானால் இதைத்தான் திறக்க வேண்டும், சாப்ட்வேருக்கு அடியில் இருக்கும் பூட்டையே திறந்தால் எந்தப் பட்டனை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று சொன்னார். சொன்ன வாயை மூடுவதற்குள் பயமும் வந்துவிட்டது.

"அண்ணி, இது கம்பெனிக்காரன் போட்ட பூட்டு. திறந்தா வாரண்டி போச்சு. பேங்க் வேலை எதுவும் இதுல ஓடாது. நடுவுல கேபிள் ஆடிச்சுன்னா அப்புறம் இது போன் இல்ல, செங்கல்."

செங்கல் ஆனால் அதை வைத்தே மேனேஜர் மண்டையை உடைக்கிறேன் என்று தட்டினேன். ஆப் அதைத் தேன் தடவின குரலில் வாசித்தது. கவர் வாங்க வந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கொழுந்தனார் சிரிக்கவில்லை. வழி சொல்கிறேன், ஆனால் என் கை படாது, ஏதாவது ஆனால் அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

சரி, என் கை படட்டும். இணையத்தில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. என் போனின் அதே மாடலைத் திறந்தவர்கள் படிப்படியாக எழுதி வைத்திருந்தார்கள். கேள்வி கேட்டேன், பதில் வந்தது. திட்டினார்கள், திருப்பித் திட்டினேன். அங்கே யாருக்கும் வாய் கிடையாது, எல்லாருக்கும் விரல்தான். ஏழு மாதத்தில் நான் யாருக்கும் குறைவில்லாமல் சண்டை போட்ட இடம் அது ஒன்றுதான்.

முதல் படி வேடிக்கையாக இருந்தது. செட்டிங்ஸில் ஒரு எண்ணை ஏழு தடவை தட்ட வேண்டும். ஏழாவது தட்டில், நீங்கள் இப்போது ஒரு டெவலப்பர் என்று போன் அறிவித்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளுக்கு இவ்வளவு சுலபமாகப் பட்டம் கிடைக்கும் என்று முன்னமே தெரியாமல் போச்சு. அடுத்து கம்பெனிக்கு விண்ணப்பம். பூட்டைத் திறக்க விரும்பும் காரணம் என்ன என்று கேட்டிருந்தார்கள். கத்துவதற்கு என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டுமாம். அதற்குள் சிம்மைக் கழற்றினாலோ கணக்கிலிருந்து வெளியேறினாலோ மறுபடி முதலிலிருந்து. அடுத்த வெள்ளி மதியம் முடியும். திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் மிச்சம்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் கவுன்டரில் நிற்கிறவர். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று அவர் சொல்வதைக் கேட்க ஜனங்கள் கவுன்டர் மேல் பாதி உடம்பைச் சாய்ப்பார்கள். அவ்வளவு மெல்லிசான குரல். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கத்திக்கொண்டிருந்தேன். பூட்டைத் திறக்கிற யோசனை அவருக்குப் பிடிக்கவே இல்லை. இருந்தாலும் கம்பெனியின் நிபந்தனைகளை டாக்டர் சீட்டு மாதிரி மூன்று தடவை படித்து, சிம்மைத் தொடாதே என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் போனின் முதுகில் ஒட்டிவிட்டார். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். அந்தச் சீட்டு யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கொழுந்தனார் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். திறந்தால் போனில் இருப்பது எல்லாம் அழிந்துபோகும் என்று எல்லாரும் எச்சரித்திருந்தார்கள். நான் என்ன முட்டாளா? ஆப்பில் சேர்த்து வைத்த வாக்கியங்களை எல்லாம் முந்தின நாளே பத்திரமாக நகல் எடுத்திருந்தேன். கேபிளைச் செருகினேன். கட்டளையைத் தட்டினேன். திறக்கவா, வேண்டாமா என்று போன் கடைசியாக ஒரு தடவை கேட்டது. திற என்று அழுத்தினேன்.

திரை இருண்டது. அழிக்கிறேன் என்று ஒரு வரி வந்தது. மூன்று நிமிடம் கொழுந்தனாரும் மூச்சு விடவில்லை, கழுத்தில் ஓட்டை இருந்தும் நானும் விடவில்லை. பிறகு போன் எழுந்தது. எழும்போதே ஒரு எச்சரிக்கை காட்டியது. பூட்டு திறக்கப்பட்டுள்ளது, இந்தச் சாதனத்தை நம்ப வேண்டாம். இனி ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் இதை ஐந்து விநாடி காட்டும் என்றார் கொழுந்தனார். காட்டிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

"நகல் எடுத்தீங்களே அண்ணி, எங்க வச்சீங்க?"

போனில்தான் வைத்தேன் என்று ஒரு தாளில் எழுதினேன். எழுதி முடிக்கும்போதே புரிந்துவிட்டது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்த கதை. அழிந்துபோகும் என்று தெரிந்த இடத்திலேயே கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். கொழுந்தனார் தாளைப் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

முந்நூற்று நாற்பது வாக்கியங்கள். வலி இடது பக்கம் டாக்டர். பஸ் இங்கே நிற்குமா. எனக்குக் காது நன்றாகக் கேட்கும், கத்த வேண்டாம். குறட்டை விடுகிறீர்கள், திரும்பிப் படுங்கள். ஏழு மாதம் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிச் சேர்த்தது. இரண்டாவது தடவை குரல் போன மாதிரி இருந்தது. அழுதேன். சத்தம் வராமல் அழுவதில் ஒரு வசதி, கடைக்கு வந்தவர்கள் தொந்தரவில்லாமல் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். மாவு மேஜை முன்னால் எனக்கு எத்தனை வாக்கியம் வேண்டும்? பதினெட்டு வருடம் கத்தியதைச் சலித்துப் பார்த்தால் ஐந்துதான் தேறியது. நிறுத்து. வழி விடு. அடுப்பைத் திற. ட்ரேயை எடு. வேலையைப் பாரு. பக்கவாட்டுப் பட்டனுக்கு ஒரு அமுக்கு, இரண்டு அமுக்கு, நீண்ட அமுக்கு என்று மூன்று. சத்தம் கூட்ட, குறைக்க இருக்கும் பட்டன்களுக்கு ஆளுக்கு ஒன்று. சாயங்காலம் வரை உட்கார்ந்து மல்லுக்கட்டினேன். நான்கு தடவை தப்பாகப் போய் ஐந்தாவது தடவை வந்தது. பட்டனை அழுத்தினேன். உதவிக்காரி வரவில்லை. "நிறுத்து" என்றது போன். கொழுந்தனார் கட்டிவைத்திருந்த கையை அவிழ்த்துக் கைதட்டினார்.

சனிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்த பிறகு பேக்கரிக்குப் போனேன். மாவு மெஷின் ஓட்டுகிறவனுக்கு அங்கே பட்டப்பெயர் அவசரம். மெஷின் நிற்கும்வரை பொறுக்க மாட்டான், ஓடும்போதே ஓரத்து மாவைக் கையால் வழிப்பான். நான் இல்லாத ஏழு மாதத்தில் ஒரு நகத்தைத் தொலைத்திருந்தான். மெஷினைப் போடச் சொல்லிவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று பட்டனை அழுத்தினேன். "நிறுத்து." அவன் திரும்பவில்லை. இன்னொரு தடவை. ம்ஹூம். கிட்டே போய் தோளைத் தட்டினேன்.

"அட, நீங்களா அக்கா? லிஃப்ட்ல பேசுற மாதிரி ஏதோன்னு நினைச்சேன்," என்றான்.

அவன் மேல் தப்பில்லை. சத்தம் போதாமல் இல்லை, அந்தக் குரல்தான் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. கதவு மூடுகிறது, தயவுசெய்து காத்திருக்கவும் என்று நாள் முழுக்க எல்லா இடத்திலும் கேட்கிற குரல். அதைக் காதில் வாங்காமல் இருக்க மனுஷர்கள் பழகிவிட்டார்கள். கொழுந்தனாரிடம் போய் முறையிட்டேன். பூட்டுதான் திறந்தாச்சே, பட்டனை அழுத்தினால் எந்தச் சத்தத்தை வேண்டுமானாலும் வரவைக்கலாம், சைரன் போடட்டுமா என்றார். சைரன் அடித்தால் பதினோரு பேரும் வாசலுக்கு ஓடுவார்கள். ஒரு மனுஷன் கத்த வேண்டும். கத்துவதைக் கேட்டால் கை தானாக நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நான் கேட்காமலே என் வீட்டுக்காரர் போனை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "நான் பேசித் தரவா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வேறு யாரைக் கேட்பது என்று யோசித்தேன். யாரும் இல்லை.

முதல் பதிவில், கொஞ்சம் நிறுத்துகிறீர்களா என்கிற மாதிரி வந்தது. இரண்டாவது அதைவிட மரியாதை. மெஷினை நிறுத்துகிறீர்களா, இருமல் மருந்து விற்கிறீர்களா என்று எழுதிக் காட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டார். எழுந்து நின்றார். என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். இருபது பதிவு ஆனது. ஒவ்வொன்றிலும் வார்த்தை தொண்டைவரை வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தது. நான் பொறுமை இழந்து போனைப் பிடுங்கப் போனேன். அவர் கொடுக்கவில்லை.

"உன்னை ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போனாங்கல்ல," என்றார். "கதவு மூடுறப்ப, ஒரு நிமிஷம் நிறுத்துங்கடான்னு கத்தணும்னு இருந்துச்சு. கடைசியா ஒரு தடவை நீ என்னைத் திட்டினா கேட்டுக்கலாம்னு இருந்துச்சு. கத்தல. எனக்குக் கத்த வரல."

அன்றைக்கு அவர் தாழ்வாரத்தில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார் என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். அதை இத்தனை நாள் மனசுக்குள் வைத்துக் கறுவிக்கொண்டிருந்தவள் நான். அவர் தோளைப் பிடித்துக் கதவைப் பார்த்துத் திருப்பினேன். பதிவைப் போட்டேன்.

"நிறுத்து!" என்று கத்தினார்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, ஏதாவது பிரச்சனையா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். வழக்கமாக இந்த வீட்டில் கத்துகிறவள் நான் என்பதால் அவருக்கு ஒரே குழப்பம். அவரை அனுப்பிவிட்டு மற்ற நான்கையும் அந்தச் சூடு ஆறுவதற்குள் எடுத்தோம். ஒவ்வொன்றும் சோற்றில் கல் கடித்தவன் சத்தம் போடுகிற மாதிரி வந்தது. மத்தியானம் இவருக்குத் தொண்டை கட்டிப்போனது. அன்று முழுக்க இரண்டு பேரும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தாளில் எழுதிப் பேசிக்கொண்டோம். இவ்வளவு நாள் இவர் எனக்கு வாயால் பதில் சொன்னதைவிட அன்றைக்கு எழுதினது அதிகம்.

திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்றேன். கழுத்து ஓட்டைக்கு மாவுத்தூசி போகாமல் மூடி போட்டிருந்தேன். மேனேஜர் கையில் அட்டையும் பேனாவுமாக வந்துவிட்டார். அவர் கண்ணெதிரே போனை ஆன் செய்தேன். ஐந்து விநாடி, இந்தச் சாதனத்தை நம்ப வேண்டாம் என்று அது சாவகாசமாகக் காட்டியது. மேனேஜர் அதைக் குனிந்து படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் போனை மேல்பையில் போட்டுக்கொண்டு மாவு மேஜைக்குப் போனேன்.

முதல் ஒரு மணி நேரம் எல்லாரும் என்னிடம் மகா நல்லவர்களாக நடந்துகொண்டார்கள். நான் ட்ரேயைப் பார்த்தால் ஒருத்தி ஓடிவந்து எடுத்தாள். நான் நகர்ந்தால் வழி விட்டார்கள். நீங்க உட்காருங்கக்கா, நாங்க பார்த்துக்கறோம் என்று அவசரம் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். பாதி செத்தவளிடம் பேசுவது போல் ஏழு மாதமாக எல்லாரும் என்னிடம் பேசுகிற பேச்சு அது. பட்டனைத் தொட வேலையே வரவில்லை. மேனேஜர் அட்டையில் ஏதோ எழுதினார். இப்படியே ஷிப்ட் முடிந்தால் என் இடத்தில் ஒரு நாற்காலி போதும் என்றுதான் எழுதுவார், எனக்குத் தெரியும். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

ஆறரை மணிக்கு மூன்றாவது மாவு ஓடிக்கொண்டிருந்தது. ட்ராலி ஒரு பக்கம் கடகடவென்று வந்தது, அடுப்பு விசிறி இரைந்தது. நான் இந்தப் பக்க மேஜையில் இரண்டு கையும் முழங்கை வரை மாவாக நின்றேன். அவசரம் மெஷின் மேல் குனிந்தான். பிசைகிற கம்பி சுற்றிக்கொண்டிருக்கும்போதே வலது கையை ஓரத்தில் விட்டான். விரலுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு ரொட்டித் துண்டு கனம்கூட இல்லை.

மணிக்கட்டால் மார்பில் ஒரு அடி அடித்தேன்.

"நிறுத்து!" என்று என் வீட்டுக்காரர் என் நெஞ்சிலிருந்து கத்தினார்.

அவசரத்தின் கை தீயில் பட்ட மாதிரி வெளியே வந்தது. மற்றொரு கை போய்ச் சிவப்புப் பட்டனை அடித்தது. மெஷின் நின்றது. ட்ராலி தள்ளி வந்தவளும் அப்படியே நின்றாள். அடுப்புக்காரன் கம்பியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தான். மேனேஜரின் பேனா கீழே விழுந்து மேஜைக்கடியில் உருண்டு போனது. பேக்கரியில் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அவசரம் தன் ஐந்து விரலையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பிறகு முகம் சிவந்து என் பக்கம் திரும்பினான்.

"ஏன்க்கா இந்தக் கத்து கத்துறீங்க? நான் என்ன செவிடா?"

ஏழு மாதத்தில் என்னிடம் ஒருத்தன் முதல் தடவையாக எரிந்து விழுகிறான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மேனேஜர் குனிந்து பேனாவைத் தேடி எடுத்தார். அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அவங்க சொல்றபடி செய்யுங்கப்பா. திங்கட்கிழமை திங்கட்கிழமை நான் வந்து நிக்க முடியாது," என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனார். பேக்கிங் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அவசரம் இன்னும் முறைத்துக்கொண்டே நின்றான். இப்படிக் கத்தினால் யாருக்குத்தான் வேலை ஓடும் என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுக்க ஆரம்பித்தான். நான் கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டு பட்டனை இரண்டு தடவை அமுக்கினேன்.

"வேலையைப் பாரு," என்றார் என் வீட்டுக்காரர்.